விளையாடியவர் பயிற்றுவிக்க வரும்போது

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், முன்னாள் வலைப்பந்தாட்ட அணியினர் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் விளையாட்டைப் பற்றிப் பேசவேண்டும் என்று விழாக் குழுவினர் எங்களைக் கேட்டார்கள். எந்த ஆண்டில் எந்தக் கேடயம் வந்தது, எந்த இல்லம் எத்தனை முறை வென்றது என்பவற்றையெல்லாம் இம்மலரின் வேறு பக்கங்களில் காண்பீர்கள். அவற்றைத் திரும்பச் சொல்லாமல், எங்கள் மனத்தில் நெடுநாளாகக் கிடக்கும் ஒரு கேள்வியை உங்கள்முன் வைக்க விரும்புகின்றோம். அதற்குத் துணையாக, இக்கல்லூரியை ஒருபோதும் கண்டிராத ஒரு ஸ்கொட்லாந்துப் பெண்மணியின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டிருக்கின்றோம். அவர் ஒரு ரென்னிஸ் வீராங்கனை. பின்னாளில் ரென்னிஸ் பயிற்றுநர். எங்கள் கல்லூரியில் ரென்னிஸ் திடல் இருந்ததில்லை. எங்களில் எவரும் ரென்னிஸ் மட்டையை ஒழுங்காகப் பிடித்தவர்களும் அல்லர். ஆனால் அவர் நடந்த பாதை, வலைப்பந்தாட்டம் ஆடிய எங்களுக்கும், எல்லே ஆடிய உங்களுக்கும், ஓடியவர்களுக்கும் ஈட்டி எறிந்தவர்களுக்கும் பொருந்தக்கூடியது.

முதலில் அந்தக் கேள்வி. பதினொராம் ஆண்டு வரை மைதானத்தில் நின்ற ஒரு பிள்ளை அதன்பின் எங்கே போகிறாள்?

விடை நம் எல்லோருக்கும் தெரியும். சாதாரண தரப் பரீட்சை வருகிறது. பாடசாலை விட்டால் ரியூசன். உயர்தரத்தில் ஒரு சிலர் மட்டும் அணியில் நிற்பார்கள். பிறகு பல்கலைக்கழகம், வேலை, கலியாணம், பலருக்கு விசா. சான்றிதழ்கள் கோவைக்குள் போகின்றன, அந்தக் கோவை அலுமாரிக்குள் போகிறது. இதில் எவரையும் குறை சொல்வதற்கில்லை. எல்லோரும் இலங்கை அணிக்கு ஆடப் போவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை ஏழெட்டு வருடங்களாக உடம்பால் கற்ற ஒரு கல்வி இருக்கிறதே, காற்று எந்தப் பக்கம் வீசினால் பந்தை எப்படி எறிவது, இரண்டு கோல் பின்னுக்கு நிற்கும்போது பதற்றத்தை எப்படி அடக்குவது, தோற்ற பிறகு எதிரணியின் கையை எப்படிப் பற்றுவது என்ற கல்வி, அது எங்கே போகிறது? பெரும்பாலும் அவளோடேயே போய்விடுகிறது. அடுத்த தொகுதிப் பிள்ளைகள் அதை முதலிலிருந்து தாமே கற்கவேண்டியிருக்கிறது.

நாம் சொல்லவந்த பெண்மணியின் பெயர் ஜூடி மரே. உங்களில் இலண்டனில் இருப்பவர்களுக்கு இப்பெயர் நன்றாகத் தெரியும். விம்பிள்டன் போட்டிகளில் மகன் ஆடும்போது பார்வையாளர் இருக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு, கைவிரல்களை மடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் தாயாகத் தொலைக்காட்சி அவரைக் காட்டியது. அந்தப் படத்துக்கு முன்னால் நடந்தவற்றையே இன்று பேசப் போகின்றோம்.

ஜூடி 1959ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் ஸ்ரேர்லிங் நகரை அண்டிய பிரிட்ஜ் ஒஃப் அலன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை உதைபந்தாட்டக்காரராகவும் கண்கண்ணாடி நிபுணராகவும் இருந்தவர். தாயும் தந்தையும் உள்ளூர்க் கழகத்தில் ரென்னிஸ் ஆடுபவர்கள். ஸ்கொட்லாந்து மழையும் குளிரும் நிறைந்த நாடு. கூரைக்குக் கீழே ரென்னிஸ் ஆடக்கூடிய இடங்கள் அக்காலத்தில் மிக அரிது. கோடை மாதங்களில் ரென்னிஸ், குளிர் வந்தால் வேறு விளையாட்டு என்றுதான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அப்படி வளர்ந்தும், இளையோர் பிரிவிலும் வளர்ந்தோர் பிரிவிலுமாக ஸ்கொட்லாந்தில் 64 பட்டங்களை ஜூடி வென்றார்.

ஊரில் வென்றாயிற்று, இனி உலகத்தைப் பார்க்கவேண்டும் அல்லவா? பதின்ம வயதில் அவர் ஐரோப்பியப் போட்டிகளுக்குப் புறப்பட்டார். கூடச் செல்லப் பயிற்றுநர் இல்லை. பணமும் மட்டு. இன்றுபோல் கைத்தொலைபேசியும் இல்லாத காலம். தனிமையும் வீட்டு நினைவும் அவரை வாட்டின. பார்சிலோனாவில் அவருடைய உடைமைகள் களவுபோயின. இது உனக்குப் பாதுகாப்பான வாழ்க்கை அல்ல, வீட்டுக்கு வா என்று தந்தை அழைத்துக்கொண்டார். அத்தோடு தொழில்முறை வீராங்கனையாகும் கனவு முடிந்தது. ஜூடி எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்தார், வேலைக்குச் சென்றார், திருமணம் செய்தார். 1986இல் ஜேமியும் 1987இல் அன்டியும் பிறந்தார்கள்.

இந்த இடம்வரை இது நம்மில் பலருடைய கதைதான். ஊரின் பெயரையும் விளையாட்டின் பெயரையும் மாற்றிவிட்டால் இந்த மண்டபத்திலேயே இதுபோல ஐம்பது கதைகள் இருக்கும். திறமை இருந்தது. வழிகாட்ட எவரும் கூட இல்லை. தகப்பன் பயந்தார், பயந்ததில் நியாயமும் இருந்தது.

அடுத்து நடந்ததுதான் நாம் கவனிக்கவேண்டியது. ஜூடியின் குடும்பம் டன்பிளேன் என்ற சிறிய ஊரில் குடியேறியது. அங்கே ஒரு விளையாட்டுக் கழகம், அதில் சில ரென்னிஸ் திடல்கள். கைக்குழந்தைகளோடு வீட்டில் இருந்த அவர், கழகத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் ரென்னிஸ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அவரிடம் அப்போது பெரிய பயிற்றுநர் தகைமை எதுவும் இல்லை. விளையாடத் தெரியும், அவ்வளவுதான். தம் பிள்ளைகளோடு அயல் பிள்ளைகளும் வந்தார்கள். வந்த பிள்ளைகளை வைத்துச் சிறு அணிகள் அமைத்து, மற்ற ஊர்க் கழகங்களோடு மோதவிட்டார்.

மழை நாட்களில் பயிற்சி வீட்டுக்குள் நடந்தது. பலூனை நிலத்தில் விழவிடாமல் தட்டுவது ஒரு விளையாட்டு. சாப்பாட்டு மேசையின் குறுக்கே தானியப் பெட்டிகளை நிறுத்தினால் அது வலை. பலூன் மெதுவாக வரும், ஆகவே சின்னக் கண் அதைப் பின்தொடரும், சின்னக் கை அதற்கு ஆயத்தமாகும். பிள்ளைக்குத் தான் பயிற்சி செய்வதே தெரியாது.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்லவேண்டும். நன்றாக விளையாடுபவர் நன்றாகக் கற்பிப்பார் என்று நாம் நினைத்துக்கொள்கின்றோம். அது தானாக நடப்பதில்லை. விளையாடுபவர் தம் பந்தைப் பார்த்துப் பழகியவர். பயிற்றுநர் இன்னொருவருடைய காலைப் பார்க்கவேண்டும், தோளைப் பார்க்கவேண்டும், முகத்தைப் பார்க்கவேண்டும். பத்து வருடம் ஆடியவரின் உடம்பு, எப்படிச் செய்கின்றோம் என்று யோசிக்காமலே வேலையைச் செய்துவிடும். அதை ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லும்போதுதான், தமக்குத் தெரிந்ததை எத்தனை சிறு துண்டுகளாக உடைக்கவேண்டும் என்று புரியும். "இப்படி அடி" என்று காட்டுவது எளிது. அந்தப் பிள்ளை தானாகவே அப்படி அடிக்கவேண்டி வரும் ஒரு விளையாட்டை உருவாக்குவது கடினம். அதுதான் பயிற்றுவித்தல்.

ரென்னிஸ் உலகம் முழுவதும் இதைப் பின்னாளில் ஏற்றுக்கொண்டது. முழுத் திடலின் நீளம் 23.77 மீற்றர். அதில் வளர்ந்தவர்களின் மஞ்சள் பந்தைக் கொடுத்து ஆறு வயதுப் பிள்ளையை நிறுத்தினால், பந்து தலைக்கு மேலால் துள்ளிப் போகும். பிள்ளை நாள்முழுவதும் பந்து பொறுக்கிவிட்டு அழுதுகொண்டு வீட்டுக்குப் போகும். ஆகையால் மூன்று வகை மெதுவான பந்துகள் வந்தன. சிவப்புப் பந்து வழமையான பந்தைவிட ஏறத்தாழ 75 சதவீதம் மெதுவானது, செம்மஞ்சள் 50 சதவீதம், பச்சை 25 சதவீதம். சிவப்புப் பந்துக்கான திடல் ஒரு பூப்பந்தாட்டத் திடல் அளவே. சர்வதேச ரென்னிஸ் சம்மேளனம் 2007இல் இம்முறையைப் பரப்பும் இயக்கத்தைத் தொடங்கி, 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மெதுவான பந்துகளையே பயன்படுத்தவேண்டும் என்று விதியாக்கியது. பிள்ளையை விளையாட்டுக்கு ஏற்ப இழுக்காமல், விளையாட்டைப் பிள்ளைக்கு ஏற்பக் குறைத்துக் கொடுப்பது என்பதே இதன் சாரம். டன்பிளேனில் பலூனை வைத்துக்கொண்டு ஜூடி செய்ததும் அதுதான்.

தன்னார்வமாகத் தொடங்கிய வேலையை ஜூடி அரைகுறையாக விடவில்லை. படிப்படியாகப் பயிற்றுநர் தகைமைகளைப் பெற்றார். 1995இல், பிரித்தானிய ரென்னிஸ் சங்கத்தின் உயர்திறன் பயிற்றுநர் சான்றிதழைப் பெற்ற முதற்பெண் ஆனார். அதே ஆண்டில் ஸ்கொட்லாந்தின் தேசியப் பயிற்றுநராகவும் நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு முப்பதுகளின் நடுவயது. இரண்டு சிறு ஆண்பிள்ளைகளின் தாய். அவர் பொறுப்பேற்ற துறையிலோ வளம் குறைவு, திடல்கள் குறைவு, பயிற்றுநர்களும் குறைவு. திறமையுள்ள இருபது பிள்ளைகள் அளவில் தெரிந்தெடுத்து ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். போட்டிகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சிற்றூர்தியைத் தாமே ஓட்டிச் சென்றார். பெற்றோரையும் இளம் பயிற்றுநர்களையும் தம்மோடு சேர்த்துக்கொண்டார்.

அந்தச் சிறு கூட்டத்திலிருந்து பிரித்தானியாவின் டேவிஸ் கிண்ண அணிக்கு நால்வர் சென்றார்கள். மரே சகோதரர் இருவர், கொலின் ஃபிளெமிங், ஜேமி பேக்கர் ஆகியோரே அந்நால்வர். பெண்களுக்கான ஃபெட் கிண்ண அணிக்கு எலெனா பல்ராச்சா சென்றார். இன்னும் பலர் முழுநேரப் பயிற்றுநர்களாயினர். இருபது பிள்ளைகளில் இவ்வளவு பேர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இடையில் அந்த ஊருக்கு ஒரு பேரிடி விழுந்தது. 1996 மார்ச் 13ஆம் நாள் ஆயுதம் தாங்கிய ஒருவன் டன்பிளேன் ஆரம்பப் பாடசாலைக்குள் புகுந்து 16 பிள்ளைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக்கொன்றான். ஜேமிக்குப் பத்து வயது, அன்டிக்கு எட்டு. இருவரும் அன்று அதே பாடசாலையில் இருந்தார்கள். தன் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் மற்றத் தாய்மாரோடு வாசலில் காத்து நின்றவர்களுள் ஜூடியும் ஒருவர். அவருடைய பிள்ளைகள் தப்பினார்கள். அயலாரின் பிள்ளைகள் திரும்பவில்லை.

ஒரு துயரத்தை இன்னொன்றோடு ஒப்பிடுவது முறையல்ல. ஆனால் பாடசாலை வாசலில் நின்று பிள்ளைகளை எண்ணுவது என்றால் என்ன என்று இந்த மண்டபத்தில் இருக்கும் எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. வகுப்பறைகள் இடம்பெயர்ந்தவர்களின் தங்குமிடங்களான காலத்தையும், விளையாட்டு நேரம் என்பதே நேரசூசியில் மட்டும் இருந்த காலத்தையும் நாம் கடந்து வந்திருக்கின்றோம். அப்படியான ஓர் ஊரில், பிள்ளைகள் மீண்டும் சேர்ந்து ஓடவும் சிரிக்கவும் ஓர் இடமும், அங்கே அவர்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவரும் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதையும் நாம் அறிவோம். டன்பிளேனில் ரென்னிஸ் நின்றுபோகவில்லை.

இன்னொரு சோதனை ஜூடியின் சொந்த வீட்டுக்குள் வந்தது. மூத்தவன் ஜேமி சிறுவயதில் அவ்வயதுப் பிள்ளைகளில் ஐரோப்பாவிலேயே முன்னணியில் இருந்தவன். பன்னிரண்டு வயதில் அவனை இங்கிலாந்திலுள்ள ஒரு பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள். நல்ல வசதி, பெரிய பெயர். ஆனால் சில மாதங்களில் பிள்ளை மனமுடைந்து வீடு திரும்பினான். அவனுடைய ஆட்டமும் குலைந்திருந்தது. அந்தப் பிள்ளையை மீண்டும் மட்டையை விரும்பித் தொடவைக்க நெடுங்காலம் பிடித்தது. ஜேமி ஒற்றையர் ஆட்டத்தில் தம்பியின் உயரத்தை எட்டவில்லை. ஆனால் 2007இல் விம்பிள்டன் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றார், 2016இல் இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்துக்கு வந்தார். பெரிய கட்டடமும் விலையுயர்ந்த உபகரணமும் ஒரு பிள்ளையை ஆளாக்கிவிடா. அந்தப் பிள்ளையை அறிந்த ஒருவர் அருகில் இருக்கவேண்டும். நூற்றாண்டு நினைவாக எதைக் கட்டலாம் என்று நாம் கூடிப் பேசும் இந்த நாட்களில் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இளையவர் அன்டியின் வெற்றிகளை உலகமே அறியும். 2012இல் ஒலிம்பிக் தங்கமும் அமெரிக்கப் பகிரங்கப் பட்டமும் பெற்றார். 2013இல், 77 ஆண்டுகளின் பின் விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் பட்டத்தை வென்ற பிரித்தானியர் ஆனார். அன்று அவர் பார்வையாளர் பகுதிக்கு ஏறித் தம் குழுவினரைக் கட்டியணைத்துவிட்டு இறங்கப் போனார். பின்னால் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினால் தாய் நிற்கிறார்! திரும்பி வந்து அணைத்தார். தாய்மாருக்கு எப்போதும் கடைசி இடம்தான் என்று எங்கள் அணியிலுள்ள அம்மாமார் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் ஒரு பயிற்றுநராக ஜூடியின் பெரிய சாதனை அந்தக் கிண்ணத்தில் மட்டும் இல்லை என்பது எங்கள் எண்ணம். அன்டிக்குப் பதினொரு வயதளவில், தாய் சொல்வதைவிட வேறொருவர் சொன்னால் கேட்பான் என்று கண்டுகொண்டு, லியோன் ஸ்மித் என்ற இளைஞரிடம் அவனை ஒப்படைத்தார். லியோனும் அப்போது பெயர் பெறாத ஓர் இளம் பயிற்றுநர். மகனை அவரிடம் விட்டதோடு நில்லாமல், அவரையும் வளர்த்துவிட்டார். அந்த லியோன் ஸ்மித்தான் 2010இல் பிரித்தானிய டேவிஸ் கிண்ண அணியின் தலைவரானார். 2015இல் பெல்ஜியத்தை வென்று, 1936க்குப் பின் முதன்முறையாக அக்கிண்ணத்தைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுவந்தார். பயிற்றுநர் பிள்ளைகளை உருவாக்குவார், நல்ல பயிற்றுநர் இன்னொரு பயிற்றுநரையும் உருவாக்குவார்.

அதே போல எலெனா பல்ராச்சா. உக்ரேனில் பிறந்து, உதைபந்தாட்டக்காரரான தந்தையோடு ஸ்கொட்லாந்துக்கு வந்த பிள்ளை. ஜூடியின் திட்டத்தில் வளர்ந்தவர். பத்தொன்பது வயதில் ஈரல் நோய் இருப்பது தெரிந்தது. மருந்தோடும் சோதனைகளோடும் ஆடி, 2010இல் உலகத் தரவரிசையில் 49ஆம் இடத்துக்கு வந்தார். அதே ஆண்டில், ஆடிக்கொண்டிருக்கும்போதே, இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் வசதி குறைந்த பிள்ளைகளுக்காக, முக்கியமாகச் சிறுமிகளுக்காக, ஒரு ரென்னிஸ் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். 2013 நவம்பரில் ஓய்வு பெற்றார். அதன்பின் முழுநேரமும் பயிற்றுவிக்கலாம் என்றிருந்தவரை ஈரல் புற்றுநோய் பற்றியது. 2014 மே 4ஆம் நாள், முப்பதே வயதில் மறைந்தார். அவர் தொடங்கிய பணி அவர் பெயராலேயே தொடர்ந்தது. "ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர் தள்ளிவைத்திருந்தால் அந்தச் சிறுமிகளுக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. எங்களை மிகவும் தொட்டது இந்தப் பகுதிதான்.

இந்தப் பாதையில் முள்ளும் உண்டு. தந்தைமார் பிள்ளைகளுக்காக மைதான ஓரத்தில் நின்றால் அர்ப்பணிப்பு என்கிறார்கள். ஜூடி நின்றபோது, பிள்ளைகளை விரட்டும் தாய் என்று பத்திரிகைகள் எழுதின. 2014இல் அன்டி, முன்னாள் உலக முதல்தர வீராங்கனையும் 2006இன் விம்பிள்டன் வெற்றியாளருமான பிரான்ஸ் நாட்டு அமெலி மொரெஸ்மோவைத் தம் பயிற்றுநராக்கினார். முன்னணி ஆடவர் ஒருவர் பெண் பயிற்றுநரை வைத்திருப்பது அன்று பலருக்குப் புதினம். தாம் தோற்றபோதெல்லாம் மொரெஸ்மோவைக் குறைகூறினார்கள், முன்னைய பயிற்றுநர்களை எவரும் அப்படிக் குறைகூறவில்லை என்று அன்டியே வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார். மொரெஸ்மோவின் காலத்தில்தான், 2015இல், அவர் களிமண் திடலில் தம் முதற் பட்டத்தை வென்றார். ஒரு பெண்ணின் அறிவை மதிக்க அந்த ஆண்பிள்ளை எங்கே கற்றான் என்று நாம் கேட்கத் தேவையில்லை. முதன்முதலில் அவன் கையில் மட்டையைக் கொடுத்தவர் ஒரு பெண்.

ஜூடி 2011 இறுதியில் பிரித்தானியப் பெண்கள் அணியின் தலைவராக நியமிக்கப்பட்டு 2016 வரை பணியாற்றினார். சிறுமிகள் ரென்னிஸுக்கு வராததற்கும் வந்தவர்கள் நிலைக்காததற்கும், கற்பிக்கும் இடத்தில் பெண்கள் குறைவாக இருப்பது ஒரு முக்கிய காரணம் என்று அவர் தொடர்ந்து சொல்லிவந்தார். 2014இல் ஐந்து முதல் எட்டு வயதுச் சிறுமிகளுக்கான ஒரு திட்டத்தையும், 2017இல் பெண் பயிற்றுநர்களை உருவாக்கும் ஒரு திட்டத்தையும் தொடங்கினார். அவருக்குப் பின் அணித் தலைமையை ஏற்றவர் ஆன் கியோதவொங். லாவோஸ் நாட்டிலிருந்து பிரித்தானியாவுக்கு வந்த பெற்றோரின் மகள். இலண்டனில் வளர்ந்து, உலகின் முதல் ஐம்பதுக்குள் வந்து, ஆட்டத்தை விட்ட பின் அணியை வழிநடத்த வந்தவர். புலம்பெயர்ந்த நாடுகளில் பிள்ளை வளர்க்கும் எங்கள் சகோதரிகள் இப்பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி எங்கள் கேள்விக்குத் திரும்புவோம்.

இன்று கல்லூரியில் வலைப்பந்தாட்டத் திடல் இருக்கிறது. பந்து இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியை இருக்கிறார், ஆனால் அவருக்குப் பாடவேளைகளும் பல அணிகளும் உள்ளன. பாடசாலை முடிந்து ஐந்து மணிவரை நின்று பயிற்சி செய்ய விரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் தாய்மாரிடம் பேசிப் பார்த்தோம். முதற் கேள்வி, யார் கூட நிற்பார்கள் என்பதே. தெரிந்த ஒரு பெண் நிற்கிறார் என்றால் அந்தத் தாய் சம்மதிக்கிறார். எவரும் இல்லை என்றால் பிள்ளை பஸ்ஸேறி வீட்டுக்குப் போகிறாள், அடுத்த வருடம் அணியிலிருந்தும் போகிறாள். பார்சிலோனாவிலிருந்து ஜூடியைத் தகப்பன் வீட்டுக்கு அழைத்ததும் இதே காரணத்தால்தான். கூட நிற்க எவரும் இல்லை.

ஆகவே இந்த நூற்றாண்டு ஆண்டில் சங்கத்திடம் மூன்று காரியங்களைக் கேட்கின்றோம்.

ஒன்று, ஊரில் இருப்பவர்கள் நேரம் தாருங்கள். கிழமையில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம். "எங்களுக்கு வயது போய்விட்டது, முழங்கால் நோகிறது" என்பவர்களுக்கும் இடமுண்டு. பத்து வயதுப் பிள்ளைக்குப் பந்து எறிந்து கொடுக்க ஓடத் தேவையில்லை. பார்க்கத் தெரியவேண்டும், பிள்ளையின் பெயர் தெரியவேண்டும். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கூடையைத் தாழ்த்தி, பந்தைச் சிறிதாக்கி, திடலைப் பாதியாக்கிக் கொடுப்போம். அதற்குப் பெரிய செலவு இல்லை. எங்கள் அணியிலிருந்து நால்வர் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டோம்.

இரண்டு, வெளிநாடுகளில் இருப்பவர்கள் இளம் பழைய மாணவியரின் பயிற்றுநர் படிப்புக்கு உதவுங்கள். விளையாடத் தெரிந்தால் மட்டும் போதாது என்று சற்றுமுன் சொன்னோம். பயிற்றுநர் தகைமை, நடுவர் தகைமை, முதலுதவி, பிள்ளைப் பாதுகாப்பு என்பவற்றை முறையாகக் கற்றவர்களே நாளைக்குப் பொறுப்பெடுக்கவேண்டும். வருடத்துக்கு இருவரைப் படிப்பித்தாலும், பத்து வருடத்தில் இருபது பேர். இருபது என்ற எண் எவ்வளவு செய்யக்கூடியது என்று பார்த்தோம். படித்து முடித்தவர் ஒரு சிறு கொடுப்பனவாவது பெறவேண்டும். பெண்கள் செய்யும் வேலை என்றால் சும்மா செய்வார்கள் என்ற எண்ணத்தை நாமே வளர்க்கக் கூடாது.

மூன்று, நீங்கள் வாழும் இடத்திலேயே தொடங்குங்கள். ரொறன்ரோவில், இலண்டனில், மெல்பேணில், கொழும்பில், உங்கள் அயலில் ஒரு தமிழ்ப் பாடசாலையோ ஒரு விளையாட்டுக் கழகமோ இருக்கும். அங்கே போய், "நான் வலைப்பந்தாட்டம் ஆடியவள், பிள்ளைகளுக்கு உதவலாமா?" என்று கேளுங்கள். கல்லூரி தந்ததைக் கல்லூரிக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எங்கே ஒரு பிள்ளை நிற்கிறதோ அங்கே கொடுத்தால் போதும்.

எங்களுக்குக் கற்பித்த உடற்கல்வி ஆசிரியைகளில் சிலர் இன்று இந்த முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அந்த நாட்களில் பொழுது சாயும்வரை நின்று, கடைசிப் பிள்ளை பஸ் ஏறும்வரை தரிப்பிடத்தில் காத்திருந்து, அதன்பின்னே தம் வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள். ரீச்சர்மாரே, நீங்கள் அன்று செய்ததற்குப் பயிற்றுநர் என்ற பெயர்கூட எவரும் வைக்கவில்லை. உங்கள் முன்னிலையில் இதைக் கேட்பதற்கு எங்களுக்குப் பெருமையாக இருக்கிறது.

பெயர் கொடுக்க விரும்புபவர்களுக்காக வாசலில், பதிவு மேசைக்கு அருகே, ஒரு கொப்பி வைத்திருக்கின்றோம். அதில் மூன்று நிரல்கள் இருக்கின்றன. உங்கள் பெயர், நீங்கள் ஆடிய விளையாட்டு, உங்களால் வரக்கூடிய நாள். தேநீருக்குப் போகுமுன் தயவுசெய்து அதில் எழுதிவிட்டுப் போங்கள்.